கேம் அண்ட் வாட்ச், பிரிக் கேம்: சிப்புக்குள் இருப்பதை எடுத்து வைக்க முடியுமா?

பாராசூட்81 (திருச்சி)

வணக்கம். எங்கள் பெரியப்பா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த நின்டெண்டோவின் கையடக்க விளையாட்டுக் கருவியான கேம் அண்ட் வாட்ச் ஒன்று வீட்டில் இருக்கிறது. ‘பாராசூட்’, 1981-இல் வந்த அகலத்திரை வகை. பொத்தான் வேலை செய்கிறது, சத்தமும் வருகிறது. ஆனால் திரையின் கீழ் ஓரத்தில் ஒரு கறுப்புக் கறை. போன வருஷம் மிளகளவு இருந்தது, இப்போது படகு வரும் இடத்தையே மூடிவிட்டது.

கூடவே ஒரு பிரிக் கேம், செங்கல் அடுக்கும் ஆட்டம் வரும் கையடக்கப் பெட்டி. மேலே 9999 இன் 1 என்று அச்சடித்திருக்கும், கம்பெனிப் பெயர் எங்கும் இல்லை. எங்கள் ஊர்த் திருவிழாக் கடையில் வாங்கியது.

இரண்டும் போய்ச்சேருவதற்கு முன் உள்ளே இருக்கும் புரோகிராமை எடுத்துப் பத்திரப்படுத்த வழி உண்டா? ஒரு ரிப்பேர் கடையில் கேட்டால், “இதெல்லாம் கழட்டிப் படிக்கிற ஐசி இல்ல தம்பி” என்கிறார்.

சில்லுவேட்டை

நண்பரே, திருப்புளியை முதலில் கீழே வையுங்கள்.

பாராசூட்டில் இருப்பது ஷார்ப் எஸ்எம்5ஏ சிப். அதன் புரோகிராமை ஏற்கெனவே எடுத்து மேம் என்ற எமுலேட்டரில் (பழைய கருவிகளைக் கணினியில் அப்படியே ஓட்டும் மென்பொருள்) சேர்த்துவிட்டார்கள். 1980 ஏப்ரலில் ‘பால்’ விளையாட்டோடு தொடங்கிய இந்த வரிசையில் பெரும்பாலானவை இன்று அங்கே உண்டு. 2018-இல் இன்டர்நெட் ஆர்க்கைவ் இப்படிப்பட்ட கைக்கருவிகளுக்கென்றே ஒரு தொகுப்பைத் திறந்தது, பிரவுசரிலேயே ஆடிப் பார்க்கலாம். உங்கள் பெட்டியில் சாகிறது திரை, சிப் இல்லை. பரவிக்கொண்டே போகும் கறுப்புக் கறை என்றால் கண்ணாடிக்குள் ஏதோ கசிகிறது, அதைச் சரிசெய்ய முடியாது. வெறும் மஞ்சளித்த திரையாக இருந்தால் மேலே ஒட்டிய போலரைசர் தாளை மாற்றிப் பிழைக்க வைக்கலாம்.

எனக்கு ஆவலாக இருப்பது அந்தப் பிரிக் கேம்தான். பெயர் பெற்ற கம்பெனிகளின் பெட்டிகளைச் சேகரிப்பவர்கள் தேடித் தேடிப் பெரும்பாலும் எடுத்து முடித்துவிட்டார்கள். பெயரே இல்லாமல் வந்து பர்மா பஜாரிலும் திருவிழாக் கடையிலும் விற்றவைதான் கேட்பாரற்றுக் கிடக்கின்றன. வெளித்தோற்றம் ஒன்றாக இருக்கும், உள்ளே புரோகிராம் வேறாக இருக்கும். இ-23 பிளஸ் மார்க் 2 என்ற 96 இன் 1 பெட்டி மேமில் இருக்கிறது. ஹோல்டெக் கம்பெனியின் 4-பிட் சிப், அதில் 4096 பைட் ரோம், அதாவது புரோகிராம் இருக்கும் நினைவகம். உங்களுடையது அதுவா வேறா என்பதைத் திறக்காமலே ஓரளவு சொல்லிவிடலாம். பின்பக்க எழுத்துகளைப் படம் எடுங்கள். ஆன் செய்ததும் வரும் இசை, ‘ஏ’ தொடங்கி வரும் விளையாட்டுகளின் வரிசை, இரண்டையும் வீடியோவாகப் போடுங்கள்.

மலர்விழி_கே

ஒரு சந்தேகம். பழைய ஆர்கேட் போர்டு என்றால் புரோகிராம் இருக்கும் தனிச் சிப்பான ஈப்ராமைக் கழற்றி ரீடரில் செருகினால் வேலை முடிந்தது. இதில் மட்டும் என்ன சிக்கல்?

நான்குபிட்

மலர்விழி, ஈப்ராமுக்கு முகவரிக் கால்களும் தரவுக் கால்களும் தனித்தனியாக வெளியே இருக்கும். முகவரியைக் கொடுத்தால் அந்த இடத்துப் பைட்டைத் தரும். எஸ்எம்5ஏ, எஸ்எம்510, டிஎம்எஸ்1000 போன்ற கைக்கருவிச் சிப்புகளில் புராசசர், ரோம், ரேம் எல்லாம் ஒரே சில்லுக்குள் அடக்கம். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கால்கள் திரைக்கும் விளக்குக்கும் பொத்தானுக்கும் பஸ்ஸருக்கும் போகின்றன. ரோமுக்கென்று வாசலே கிடையாது.

புரோகிராமைப் பிறகு எழுதுவதும் இல்லை. சில்லு தயாராகும்போதே, எந்த இடத்தில் டிரான்சிஸ்டர் வேலை செய்யும், எந்த இடத்தில் செய்யாது என்று ஒரு படலத்தின் வடிவத்திலேயே பதித்துவிடுவார்கள். மாஸ்க் ரோம் என்பது இதுதான். மின்சாரம் இல்லாமலும் அழியாது. பல சிப்புகளில் நுண்ணோக்கியில் கண்ணுக்கே தெரியும்.

எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் ஒன்றைச் சொல்கிறேன். எஸ்எம்510-இன் ரோம் 2772 பைட். 2048, 4096 என்று பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்த எண் உறுத்தும். அடுத்து எந்தக் கட்டளை என்று காட்டும் புரோகிராம் கவுண்டரின் கீழ் 6 பிட், 0, 1, 2 என்று எண்ணுவதில்லை என்பதே காரணம். ஒவ்வொரு படியிலும் எல்லாப் பிட்டும் ஓரிடம் வலப்பக்கம் நகரும். நகரும் முன் வலக்கோடியில் இருந்த இரண்டு பிட்டும் ஒன்றுபோல இருந்தால் இடப்பக்கத்தில் 1 நுழையும், வேறாக இருந்தால் 0 நுழையும். தாளில் போட்டுப் பாருங்கள்: 0, 32, 48, 56, 60, 62, 31, 47, 55... எல்லாம் 1 ஆன நிலை, அதாவது 63, வந்தால் அங்கேயே மாட்டிக்கொள்ளும். அதனால் அதை விட்டுவிட்டார்கள். ரோமைப் பக்கம் பக்கமாகப் பிரித்திருப்பார்கள்; 64-இல் ஒன்று போக ஒரு பக்கத்துக்கு 63 பைட். 44 பக்கம் பெருக்கல் 63, அதுதான் 2772. பாராசூட்டின் எஸ்எம்5ஏ-வில் 29 பக்கம், 1827 பைட்.

முறையாக எண்ணும் சுற்றைவிட இதற்குக் குறைந்த டிரான்சிஸ்டர்களே போதும். 32.768 கிலோஹெர்ட்ஸ் கடிகாரப் படிகத்தில், பொத்தான் பேட்டரியில் மாதக்கணக்கில் ஓட வேண்டிய சிப்பில் ஒவ்வொரு டிரான்சிஸ்டரையும் பார்த்துப் பார்த்துத்தான் செலவழித்திருக்கிறார்கள். நமக்கு இதன் விளைவு, பைட்டுகளை முகவரி வரிசையில் அடுக்கினாலும் புரோகிராம் அந்த வரிசையில் ஓடாது. இந்த நடை தெரியாமல் பைட்டுகளைக் கட்டளைகளாகப் பிரித்துப் படித்தால் (டிஸ்அசெம்பிள்) குப்பைதான் வரும்.

ரிச்சி_பாலு

அந்தக் கடைக்காரர் சொன்னதுல தப்பு இல்ல. கழட்டிப் படிக்கிற ஐசி இல்லதான். ஆனா வழியே இல்லன்னு அர்த்தம் இல்ல.

பிரிக் கேமைத் திறந்தா போர்டு நடுவுல கறுப்பா எபாக்ஸி பசை உறைஞ்சு கிடக்கும். அதுக்கு அடியில சில்லு நேரா போர்டு மேல ஒட்டியிருக்கும், முடியைவிட மெல்லிசான கம்பியால தடங்களோட இணைச்சிருப்பாங்க. பேக்கேஜும் இல்ல, நம்பரும் இல்ல. எபாக்ஸியை நோண்டினா முதல்ல போறது அந்தக் கம்பிதான். அப்புறம் அந்தப் பெட்டி திரும்ப ஓடாது. அதனால ஓடுற பெட்டியில யாரும் கை வைக்காதீங்க, கெஞ்சிக் கேட்டுக்குறேன்.

செத்த போர்டுன்னா நைட்ரிக் ஆசிட், சல்ப்யூரிக் ஆசிட்னு பேசுவாங்க. அதெல்லாம் புகையை உறிஞ்சுற கூண்டு இருக்கிற லேபுக்குள்ள, அது தெரிஞ்சவங்க பண்ற வேலை. இன்னொரு வழி ரோசின். சால்டரிங்குக்கு வைக்கிறோமே அதே ரோசின்தான். 300 டிகிரிக்கு மேல சூடாக்கி, அதுல சில்லைப் போட்டு வெச்சா எபாக்ஸி கொஞ்சம் கொஞ்சமா இளகி விட்டுப் போகும். அப்புறம் அசிட்டோன்ல கழுவணும். ஆசிட் இல்லைங்கறதால ஆபத்தே இல்லன்னு நினைச்சுடாதீங்க. அந்தச் சூட்டுல புகை நெஞ்சைப் பிடிக்கும், சட்டுனு தீயும் பிடிக்கும். வீட்டு அடுப்பு பக்கமே கொண்டுபோகக் கூடாது.

ஆவணன்

எல்லோரும் மன்னிக்க வேண்டும், எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ஒரு பொருளை அமிலத்தில் கரைத்துவிட்டு அதைப் பாதுகாத்தோம் என்று எப்படிச் சொல்வது? விளையாட்டு என்பது 4096 பைட் மட்டுமா? அந்தப் பொத்தானின் அழுத்தம், ரப்பர் தேய்ந்த விதம், அட்டைப்பெட்டியில் இருந்த ஓவியம், கோணல்மாணலாக அச்சடித்த விதிமுறைத் தாள், இவையும் அந்தக் காலத்தின் சான்றுகள்தானே. நாளை இன்றைய முறையைவிட நல்ல முறை வரலாம். அதுவரை பெட்டியைப் பெட்டியாக வைத்திருப்பதே நேர்மை என்பது என் கருத்து.

சில்லுவேட்டை

ஆவணன் ஐயா, நீங்கள் சொல்லும் பொருள்கள் எல்லாம் சான்றுகள்தான், அதில் எனக்கு மறுப்பே இல்லை. காத்திருக்கலாம் என்பதில்தான் வேறுபடுகிறேன். பேட்டரி கசிந்து தடங்களை அரிக்கிறது. திரை கசிகிறது. மில்டன் பிராட்லி 1979-இல் விட்ட மைக்ரோவிஷனை எடுத்துக்கொள்ளுங்கள். கார்ட்ரிட்ஜ் மாற்றி ஆடும் முதல் கைக்கருவி, அதன் எல்சிடி அழுகுவது சேகரிப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த நோய். உள்ளங்கையில் இருக்கும் நிலைமின்சாரம் பட்டே கார்ட்ரிட்ஜ் சிப் செத்துப்போகும். அந்தக் கருவிக்குள் புராசசரே கிடையாது, ஒவ்வொரு கார்ட்ரிட்ஜுக்குள்ளும் ஓர் இன்டெல் 8021 அல்லது டிஎம்எஸ்1100 இருக்கும். ஒரு கார்ட்ரிட்ஜின் கடைசிப் பிரதி செத்தால் அந்த விளையாட்டே போயிற்று. அதன் அட்டைப்பெட்டி நம்மிடம் பளபளவென்று இருந்து என்ன ஆடப்போகிறோம்?

அமிலம் கடைசி வழி. முதலில், ஏற்கெனவே யாராவது எடுத்துவிட்டார்களா என்று பார்ப்பது. பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும். அடுத்து மின்வழி. தொழிற்சாலைகள் தங்கள் சோதனைக்காகச் சில வாசல்களை விட்டுவைத்திருக்கின்றன. இன்டெல் 8048 குடும்பத்தில் ‘இஏ’ என்று ஒரு கால் உண்டு. வழக்கமான 5 வோல்ட்டைவிட உயர்ந்த அழுத்தம் கொடுத்தால் உள் ரோமைச் சரிபார்க்கும் நிலைக்குப் போகும், பைட்டுகளை வரிசையாக வாங்கிக்கொள்ளலாம். ஷார்ப்பின் எஸ்எம்5 குடும்பத்திலும் சோதனைக் கால் வழியாக எடுத்திருக்கிறார்கள். பெட்டிக்கு ஒரு கீறல்கூட விழாது. இதற்கும் வழியில்லாமல் போனால்தான் சில்லைத் திறப்பது. அதுவும் செத்த போர்டை மட்டும்.

ஆவணன்

செத்த போர்டு மட்டும் என்றால் ஏற்கிறேன். ஒரு வேண்டுகோள். திறக்கும் முன் போர்டின் இரண்டு பக்கத்தையும், கூட்டின் உள்பக்க அச்சு எண்களையும், திருகு வகை உட்பட, படம் எடுத்து வையுங்கள். மிச்சமுள்ள கூட்டையும் தூக்கி எறிய வேண்டாம்.

சிங்கை_சேகர்

சில்லு வெளியே வந்த பிறகு என்ன நடக்கும் என்று யாரும் சொல்லவில்லை, நான் சொல்கிறேன்.

பள்ளிக்கூட நுண்ணோக்கி உதவாது. அதில் ஒளி கீழிருந்து வரும், சிலிக்கான் அதை மறைத்துவிடும். லென்ஸ் வழியாகவே மேலிருந்து ஒளி இறங்கும் உலோகவியல் நுண்ணோக்கி வேண்டும். ஒரே படத்தில் முழுச் சில்லும் அடங்காது, பகுதி பகுதியாக எடுத்து ஒட்ட வேண்டும். ஒட்டிய படத்தில் ரோம் எங்கே என்று தேட வேண்டியதே இல்லை. மற்ற இடங்கள் தாறுமாறாக இருக்கும், ரோம் மட்டும் நேர்த்தியான கட்டம் கட்டமாகத் தெரியும். ஒவ்வொரு கட்டத்திலும் புள்ளி இருக்கிறதா இல்லையா, அதுதான் பிட். ரோம்பார், மாஸ்க்ரோம்டூல் போன்ற மென்பொருள்கள் கட்டத்தை மேலே விரித்து, இருட்டா வெளிச்சமா என்று பார்த்துக் குறித்துக்கொடுக்கும். தூசி விழுந்த இடத்தில் அவையும் தடுமாறும். அதனால் இரண்டு பேர் தனித்தனியாகப் படித்து ஒப்பிட வேண்டும். இதில் எனக்குச் சமரசமே கிடையாது.

எல்லாச் சிப்பும் இப்படிக் கண்ணுக்குத் தெரியாது. சில மாஸ்க் ரோம்களில் வேற்றணுக்களை உள்ளே செலுத்திப் பிட்டைப் பதித்திருப்பார்கள். மேலே பார்த்தால் எல்லாக் கட்டமும் ஒன்றுபோல இருக்கும். வேதிக் கலவையில் நனைத்துச் சாயமேற்றினால்தான் வேறுபாடு வரும். அந்தக் கலவையில் ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் இருக்கிறது. தோலில் பட்டு வலி தெரிவதற்குள் உள்ளே எலும்புவரை போய்விடும் அமிலம். பயிற்சியும் ஆய்வகமும் இல்லாதவர்கள் அதை வாங்கவே கூடாது.

இன்னொன்று, ரோமை மட்டும் எடுத்தால் போதாது. மில்டன் பிராட்லியின் ‘சைமன்’, 1978, நான்கு வண்ண விளக்கு விளையாட்டு. அதில் டிஎம்எஸ்1000, ரோம் 1024 பைட், ரேம் 64 அரைப் பைட். அந்தச் சிப்பில் பிஎல்ஏ என்ற இரண்டு சிறு கட்டங்களும் உண்டு. ஒன்று, கணக்கு நடக்கும் அக்குமுலேட்டரின் 4 பிட்டையும் நிலையைக் குறிக்கும் ஸ்டேட்டஸின் 1 பிட்டையும் வாங்கிக்கொண்டு 8 வெளியீட்டுக் கால்களில் எது ஏறும் எது இறங்கும் என்று தீர்மானிக்கும். மற்றொன்று, கட்டளைகளே என்ன செய்யும் என்பதைத் தீர்மானிக்கும், அதை வாடிக்கையாளர் கேட்டபடி மாற்றியும் கொடுத்திருக்கிறார்கள். இரண்டையும் படிக்காமல் ரோமை மட்டும் ஓட்டினால் விளக்குகள் கண்டபடி எரியும்.

கடைசியாக ஆடிப் பார்ப்பது. ஒரு பிட் பிசகினால் முதல் நிமிஷத்தில் தெரிய வேண்டும் என்று கட்டாயமில்லை. கேம் அண்ட் வாட்ச் என்றால் 200, 500 புள்ளிகளில், தவறவிட்டதைக் குறிக்கும் ‘மிஸ்’ அழிகிறதா என்பதுவரை ஆட வேண்டும். 999-ஐத் தாண்டியும் ஆட வேண்டும்.

கீழ்வானம்

999 என்றதும் ஞாபகம் வருகிறது. சோவியத்தில் எலெக்ட்ரோனிகா ஐஎம்-02 என்று ஒன்று விற்றது, நின்டெண்டோவின் ‘எக்’ விளையாட்டின் நகல், ஓநாய் கூடையில் முட்டை பிடிக்கும். 1000 புள்ளி எடுத்தால் கார்ட்டூன் ஓடும் என்று அந்த ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேரும் நம்பியிருக்கிறார்கள். அதில் இருப்பது எஸ்எம்5ஏ-வின் நகல் சிப். 1827 பைட்டுக்குள், முன்கூட்டியே வரைந்து வைத்த உருவங்கள் மட்டும் தெரியும் திரையில், கார்ட்டூனுக்கு இடமே இல்லை. ஒரு தலைமுறையே பேசிய கதைக்கு இந்தப் பைட்டுகள் விடை சொல்கின்றன. இதற்காகவே இந்த வேலை நடக்க வேண்டும் என்பேன்.

நான்குபிட்

பிரிக் கேமின் 9999-ம் அப்படித்தான். 4096 பைட்டில் 9999 தனி விளையாட்டுகள் அடங்காது. அடிப்படை ஆட்டங்கள் கொஞ்சம், அவற்றின் மாறுபாடுகளை எல்லாம் சேர்த்து எண்ணிக்கையைக் கூட்டிவிடுகிறார்கள். ஆனால் அந்தச் சின்ன இடத்தில் கார் பந்தயம், பாம்பு, டாங்கி, செங்கல் எல்லாவற்றையும் ஒரே 10 x 20 கட்டத்தில் ஓட விட்ட ஆள் யார் என்று ஒரு பெட்டியிலும் எழுதியிருக்காது. எந்தக் கட்டளைத் தொகுப்பை எங்கே திரும்பப் பயன்படுத்தினார், எதை எங்கே சுருக்கினார் என்பது அந்த ரோமில்தான் இருக்கிறது. அவர் கைத்திறனுக்கு வேறு சாட்சி கிடையாது.

மலர்விழி_கே

சிப்பைப் பற்றியே எல்லோரும் பேசுகிறீர்கள், திரையைப் பற்றி நான் சொல்கிறேன். படம் வரைவது என் தொழில், இப்போது இதில் இறங்கியிருக்கிறேன்.

கேம் அண்ட் வாட்ச் மாதிரிக் கருவிகளில் படம் ரோமில் இல்லவே இல்லை. பாராசூட்டில் குதிக்கும் ஆளின் உருவம், படகு, சுறா, எல்லாம் எல்சிடி கண்ணாடியிலேயே வெட்டப்பட்ட வடிவங்கள். சிப் செய்வது இந்தத் துண்டைக் காட்டு, அந்தத் துண்டை மறை என்பது மட்டுமே. ஆகவே பைட்டுகள் முழுசாகக் கிடைத்தாலும் கண்ணாடி போய்விட்டால் குதிப்பவன் எப்படி இருந்தான் என்று யாருக்கும் தெரியாது. கருவியை மீட்டமைக்கும் ஏசிஎல் பொத்தானைக் குச்சியால் அழுத்தினால் எல்லாத் துண்டும் ஒரே நேரத்தில் தெரியும். அந்த நிலையில், கண்ணாடிக்கு நேர் மேலே கேமராவை நிறுத்தி, பளபளப்பு விழாமல் படம் எடுக்க வேண்டும். பிறகு இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் ஒவ்வொரு துண்டையும் கோடாக வரைந்து, சிப்பின் எந்தக் கால் எந்தத் துண்டை ஓட்டுகிறது என்ற எண்ணை அதற்குப் பெயராக வைக்க வேண்டும். மேம் அந்தப் பெயரைப் பார்த்துத்தான் துண்டை ஏற்றி இறக்குகிறது. ஒரு எண் மாறினால் சுறா இருக்கும் இடத்தில் ஹெலிகாப்டர் தெரியும்.

சுறாவின் பல் இரண்டு துண்டுகளுக்கு நடுவே தலைமுடியளவு இடைவெளியில் நிற்கும். அந்த இடைவெளியை அப்படியே வரையாமல் ஒட்டிவிட்டால் பார்க்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அது அந்தக் கருவி இல்லை. கறை பரவியிருந்தாலும் கறை படாத பகுதியை பாராசூட்81 இப்போதே படம் எடுத்து வைக்கட்டும். சரிபார்க்க எத்தனை பிரதி இருந்தாலும் நல்லது.

வழக்குரைஞர்_தேவி

இதில் சட்டம் என்ன சொல்கிறது என்று சுருக்கமாக. நம் பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 52-இல், புரோகிராமின் பிரதியைச் சட்டப்படி வைத்திருப்பவர் இழப்பிலிருந்து காக்கக் காப்புநகல் எடுக்க இடம் இருக்கிறது. இலாபநோக்கற்ற பொது நூலகம், தன்னிடம் டிஜிட்டல் அல்லாத பிரதி இருந்தால், அதைப் பாதுகாக்க மின்வடிவில் சேமிக்கவும் இடம் இருக்கிறது. சில்லின் வடிவமைப்புக்குத் தனிச் சட்டம், 2000-ஆம் ஆண்டுச் சட்டம், பாதுகாப்புக் காலம் 10 ஆண்டு. ஆனால் எடுத்த ரோமைப் பொதுவெளியில் ஏற்றிப் பகிர்வதை இவை எதுவும் அனுமதிக்கவில்லை. எடுத்து வைப்பது வேறு, விநியோகிப்பது வேறு. இந்த இழையில் கோப்புகளை ஒட்டாதீர்கள்.

பாராசூட்81

அனைவருக்கும் நன்றி. பாராசூட்டைத் திறக்கவில்லை. மலர்விழி அக்கா சொன்னபடி ஏசிஎல் அழுத்திப் படம் எடுத்துவிட்டேன். மேல் பாதி தெளிவாக இருக்கிறது, ஹெலிகாப்டரின் விசிறி வரை தெரிகிறது.

பிரிக் கேமின் வீடியோவை சில்லுவேட்டை அண்ணனுக்கு அனுப்பினேன். ஆன் செய்ததும் வரும் இசை மேமில் உள்ளதோடு ஒத்துப்போகவில்லை என்கிறார். விளையாட்டு வரிசையிலும் ‘எஃப்’ எழுத்துக்குப் பிறகு வேறாக இருக்கிறது.

சில்லுவேட்டை

ஆமாம், நான் தேடிப் பார்த்தவரை இது பதிவில் இல்லை. ஹோல்டெக் குடும்பத்துச் சிப்பாகவே இருந்தால் அந்தச் சிப்பைப் போல இயங்கும் எமுலேட்டர் பகுதி ஏற்கெனவே எழுதியாயிற்று, ரோமும் திரையின் படமும் கிடைத்தால் ஓட்டிவிடலாம். தம்பியின் பெட்டி நன்றாக ஓடுகிறது, அதைத் தொடப் போவதில்லை. அதே ரகத்தில் செத்த பெட்டி ஒன்று வேண்டும்.

அடையாளம் சொல்கிறேன். சாம்பல் கூடு, மஞ்சள் பொத்தான்கள், சுழற்றும் பொத்தான் மட்டும் பெரியது. திரைக்கு மேல் சிவப்பில் 9999 இன் 1. ஆன் செய்ததும் ஏறிப்போய்ச் சட்டென்று நிற்கும் இசை. பேட்டரி கசிந்து போர்டு பச்சை பூத்திருந்தாலும், திரை உடைந்திருந்தாலும் பரவாயில்லை, கறுப்பு எபாக்ஸி விரிசல் இல்லாமல் இருந்தால் போதும். பரணில் பழைய பெட்டிகளைக் கிளறும்போது கண்ணில் பட்டால் இங்கேயே எழுதுங்கள். ரிச்சி_பாலு, கடைக்கு வரும் காயலான் மூட்டைகளில் நீங்களும் ஒரு பார்வை பாருங்கள்.

ரிச்சி_பாலு

நாளைக்கு ஒரு மூட்டை வருது. பிரிக் கேம் எல்லாத்தையும் தனியா எடுத்து வெச்சு, போர்டு ரெண்டு பக்கமும் படம் போடுறேன்.